மழைப் புத்தகமும் மலாக்கா நீரிணையும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. நமக்குச் சொந்தமானவை பால்மரமும் செம்பனையும் லயத்து வீடும் மாரியம்மன் கோயிலும்தாம். கடல் மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் உரியது. நமக்கோ அது பள்ளி விடுமுறையில் வாடகைப் பேருந்தில் போய்க் கால் நனைத்துவிட்டு வரும் இடம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அஸ்தி கரைக்கப் போகும் இடம். அவ்வளவுதான்.

நெகிரி செம்பிலானின் கடற்கரைப் பக்கத்துத் தோட்டங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். சுவா பெத்தோங், அதர்ட்டன், பிராட்வல், சுங்காலா, தானா மேரா, சிலியாவ், லிங்கி என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றிலிருந்து மோட்டார்சைக்கிளில் புறப்பட்டால் அரைமணி நேரத்திற்குள் போர்ட்டிக்சன் கடற்கரையை அடைந்துவிடலாம். அப்படியிருந்தும் நம் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் கடல் ஒரே ஓரிடத்தில்தான் வரும்: நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கதையில். அதன்பிறகு கதை முழுக்கக் காடும் மேடும்தான்.

நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. கடல் நாள்தோறும் நம் தோட்டங்களுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. அதன் வரவை நம்மவர்களே ஒரு புத்தகத்தில் குறித்தும் வைத்தார்கள். அது கடலைப் பற்றிய குறிப்பு என்பதுதான் எழுதியவர்களுக்கும் தெரியாமல் போனது.

மழையை அளந்தவர்

என் அப்பா போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாக வேலை செய்தவர். தோட்ட அலுவலகத்திற்கு முன்னால், புல்வெளியில், ஒரு மழைமானி நின்றது. மேலே புனல், உள்ளே போத்தல். பக்கத்திலேயே கோடு போட்ட அளவுக் கண்ணாடி. நாள்தோறும் காலையில் போத்தலில் சேர்ந்த நீரை அந்தக் கண்ணாடியில் ஊற்றிக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்ப்பார். பிறகு அலுவலகத்துக்குள் போய்த் தடித்த பதிவேடு ஒன்றில் எழுதுவார். மழை இல்லாத நாளுக்கும் வரி உண்டு. அங்கே ஒரு சுழி இருக்கும். தொடக்கத்தில் அங்குலக் கணக்கு, பின்னாளில் மில்லிமீட்டர். தோட்டத்தில் எல்லாரும் அதை 'மழைப் புத்தகம்' என்றே சொல்வார்கள்.

"தெனம் எதுக்குப்பா அளக்குறீங்க?" என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன்.

"மழை பேஞ்ச நாளுக்கு வெட்டு இல்லய்யா. வெட்டு இல்லாத நாளுக்குக் கணக்கு வேணும்ல?" என்றார்.

பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் மரப்பட்டை நனைந்திருந்தால், சீவிய கோட்டின் வழியே இறங்கிக் கோப்பையில் விழவேண்டிய பால் பட்டையெங்கும் பரவி வீணாகும். கோப்பையிலும் மழைநீர் நிறைந்துவிடும். பால் வெட்டு நின்றால் அன்றைய கூலியும் நின்றது. ஆகவே மழைப் புத்தகத்தின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு இருந்தது. மாதத்தில் பத்து நாள் காலை மழை என்றால், அடுத்த மாதம் மளிகைக்கடைக் கடன் ஏறும்.

அந்தக் காலை மழை எங்கிருந்து வந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் அறிவியல் படித்தபோதுதான் அறிந்தேன். அதற்குப் பெயரே 'சுமத்ரா'. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், இரவு நேரத்தில் சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் நிலக்காற்று நீரிணையை நோக்கி வீசும். இரண்டும் வெதுவெதுப்பான நீரிணையின்மேல் சந்தித்து மேலெழும்பி முகில்களாகத் திரளும். தென்மேற்குக் காற்று அந்த முகில் வரிசையைக் கிழக்கே தள்ளிவர, விடியும் முன்னே இடியும் காற்றுமாக மேற்குக் கரையில் கொட்டித் தீர்க்கும். சரியாகப் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம்! நம் பாட்டிமார் 'பாழாய்ப் போன மழை' என்று திட்டியது மலாக்கா நீரிணையைத்தான்.

கண்டத்தின் திண்ணை

கடலெல்லாம் ஒரே ஆழம் அன்று. கண்டங்களின் ஓரத்தில் நிலம் சட்டென்று பாதாளத்தில் இறங்கிவிடுவதில்லை. நீருக்கடியில் சற்றுத் தூரம் தட்டையாக நீண்டு, பிறகுதான் சரியும். அந்தத் தட்டையான பகுதியைக் கண்டத்திட்டு என்கிறோம். வீட்டுக்கு முன்னால் திண்ணை போல, கண்டத்துக்கு முன்னால் கண்டத்திட்டு. உலகின் மிகப் பெரிய திண்ணைகளில் ஒன்று நம்முடையது. தாய்லாந்து வளைகுடா, தென்சீனக் கடலின் தென்பகுதி, சாவகக் கடல், மலாக்கா நீரிணை ஆகிய அனைத்தும் சுந்தாத் திட்டு என்ற ஒரே திண்ணையின்மேல் நிற்கும் ஆழங்குறைந்த நீர்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீரில் பெரும்பங்கு பனிப்பாறைகளாக உறைந்திருந்தபோது கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று போர்ட்டிக்சனிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம்.

போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அங்கிருந்து எதிர்க்கரையான ரூபாட் தீவு சுமார் 38 கிலோமீட்டர்தான். அதனால்தான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடக்கே திரும்பும் கழுகினப் பறவைகள் இந்த இடத்தைத் தேர்ந்து நீரிணையைக் கடக்கின்றன. இந்தப் பகுதியில் ஆழமும் சில பத்து மீட்டர்களே. வேகமான ஓதநீரோட்டம் மேல்நீரையும் அடிநீரையும் ஓயாமல் கலக்கிவிடுகிறது. நீரிணையின் நீர் மொத்தத்தில் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக, அந்தமான் கடலை நோக்கி நகர்கிறது.

இந்த ஆழக்குறைவில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. அண்டா நிறைய நீரை வெயிலில் வையுங்கள். மேல்நீர் சுட்டாலும் அடியில் குளிர்ச்சி இருக்கும். அதே வெயிலில் தாம்பாளத்தில் நீரை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் முழுதும் சூடேறும். ஆழ்கடல் அண்டா, கண்டத்திட்டு தாம்பாளம். ஆழ்கடலில் நிகழும் பெரிய மாற்றம் திட்டின்மேல் நிற்கும் நீரில் விரைவாகவும் கூர்மையாகவும் உணரப்படும். சூட்டிலிருந்து ஒதுங்க அங்கே அடியில் குளிர்நீர் கிடையாது.

இரண்டு ஊஞ்சல்கள்

அந்தப் பெரிய மாற்றங்கள் எவை? முதலாவது பசிபிக் பெருங்கடலின் எல் நினோ. இதற்குப் பெயர் வைத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். பெரு நாட்டு மீனவர்கள். கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டித் தங்கள் கரையில் வெதுவெதுப்பான நீர் வருவதைக் கண்டு, அதைக் குழந்தை இயேசுவின் பெயரால் அழைத்தார்கள். அவர்களுடைய கண்டத்திட்டில் வழக்கமாக ஆழத்துக் குளிர்நீர் சத்துகளை ஏந்தி மேலெழும். அதை உண்டு நுண்பாசி பெருகும். அதை உண்டு நெத்திலி பெருகும். வெப்பநீர் மூடிவிட்டால் அந்தச் சத்து மேலே வராது. 1970இல் 1.2 கோடி டன்னைத் தாண்டிய பெருவின் நெத்திலிப் பிடிப்பு, 1972-73 எல் நினோவாலும் அளவுமீறிய பிடிப்பாலும் 1973இல் சுமார் 20 இலட்சம் டன்னுக்கு வீழ்ந்தது.

பசிபிக்கின் கிழக்கே நீர் சூடேறும்போது மேற்கே, அதாவது நம் பக்கம், முகில் குறைந்து வறட்சி வரும். ஊஞ்சலின் ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்குவதுபோல. எதிர்நிலையில் லா நினா; அப்போது நம் பக்கம் மழை மிகும். இந்த ஊஞ்சலின் காற்றழுத்த வடிவத்தை முதலில் தெளிவாக விளக்கியவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்து, பருவமழை ஏன் பொய்க்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். கடலின் சூட்டையும் இந்தக் காற்றழுத்த ஊசலையும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாக 1969இல் இணைத்துக் காட்டியவர் ஜேக்கப் பியர்க்னஸ்.

இரண்டாவது ஊஞ்சல் இந்தியப் பெருங்கடலில் ஆடுவது. 1999இல் கேரளத்தைச் சேர்ந்த சாஜி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 'நேச்சர்' இதழில் இதை விவரித்தார்கள். இதற்கு 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' என்று பெயர். இதன் நேர்நிலையில் ஆப்பிரிக்கப் பக்கம் நீர் சூடேறும். சுமத்ரா, சாவகக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழும். நம் நீரிணையோ இரண்டு பெருங்கடல்களுக்கும் நடுவில் கிடக்கிறது. இரண்டு வீட்டுச் சண்டையும் கேட்கும் பொதுத் திண்ணை அது!

1997: ஒரே புகை, இரண்டு மூச்சுத்திணறல்

1997இல் இரண்டு ஊஞ்சல்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்ந்தன. பசிபிக்கில் அந்நூற்றாண்டின் மிகக் கடுமையான எல் நினோக்களுள் ஒன்று. இந்தியப் பெருங்கடலில் கடுமையான நேர்நிலை இருமுனை. சுமத்ராவும் கலிமந்தானும் காய்ந்தன. காட்டை அழித்துச் செம்பனையும் பிற பயிர்களும் நட வைத்த நெருப்பு, காய்ந்த காட்டிலும் கரிமண்ணிலும் பரவியது. செப்டம்பரில் புகைமூட்டம் நம் நாட்டை மூடியது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்ட, சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

எங்கள் தோட்டத்தில் அடுத்த லயம் தெரியாது. பால்மரக் காடு பஞ்சுக்குள் நின்றதுபோல் இருந்தது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு பெண்கள் வெட்டுக்குப் போனார்கள். ஆஸ்துமாக்காரரான எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா இரவெல்லாம் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். மழைப் புத்தகத்தில் அந்த மாதங்களில் சுழிகள் வரிசை கட்டி நின்றன. அப்பா ஒவ்வொரு நாளும் காலியான போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே அக்கறையோடு ஒரு சுழி போடுவார்.

அதே வேளையில் சுமத்ராவின் மறுபுறம், மெந்தாவாய்த் தீவுகளின் கரையில் நடந்ததைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தேன். இருமுனையின் விளைவாக அங்கே ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலெழுந்தது. அதற்குமேல், எரிந்த காடுகளின் புகையும் சாம்பலும் அந்த நீரில் விழுந்தன. சாம்பலில் இரும்புச்சத்து உண்டு. நுண்பாசிக்கு இரும்பு உரம் போன்றது. பாசி கட்டுக்கடங்காமல் பெருகிக் கடல் செந்நிறமாயிற்று. பெருகிய பாசி மடிந்து அழுகியபோது நீரிலிருந்த உயிர்வளியைத் தின்றுவிட்டது. பவளங்களும் மீன்களும் மூச்சுத் திணறி மடிந்தன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்த பவளப்பாறையில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 2003இல் நெரிலி ஏப்ரம் தலைமையிலான ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் முன்வைத்த விளக்கம் இது. பழம்பவளங்களைக் குடைந்து சுமார் 7,000 ஆண்டுக் கதையை அவர்கள் படித்தார்கள். 1997ஐப் போன்ற குளிர்நீர் எழுச்சிகள் முன்பும் வந்ததுண்டு. ஆனால் அப்போதெல்லாம் பவளம் இப்படிச் செத்ததில்லை. அவர்கள் கருத்துப்படி புதிதாகச் சேர்ந்தது நெருப்பு.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் லயத்தில் தாத்தாவின் நெஞ்சை அடைத்த அதே புகை, மலைத்தொடருக்கு அப்பால் ஒரு கடற்கரை முழுவதையும் திணறடித்திருக்கிறது. கடல் வேறு, தோட்டம் வேறு என்று இனி எப்படிப் பிரிப்பது?

சூடேறும் தாம்பாளம்

எல் நினோ போகும்போதும் சும்மா போவதில்லை. முகில் குறைந்து, காற்றும் தளர்ந்ததால், அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் நம் கடல்கள் சூடேறுகின்றன. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. நாட்டின் உச்சமாகப் பதிவான வெப்பநிலை அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குப் பங்கீடு. நிலத்தில் நாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், உலகின் வெப்பக் கடல்களெங்கும் பவளங்கள் வெளுத்தன.

பவளம் கல் அன்று, உயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கோடைக்கால உச்ச வெப்பத்தைவிட நீர் வெறும் ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெள்ளெலும்பாய் நிற்கும். விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையேல் சாகும். 2010இல் மீண்டும் வெளுப்பு வந்தபோது, நம் அரசாங்கம் தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மூடவேண்டி வந்தது. தமிழகத்து மன்னார் வளைகுடாவிலும் அதே 2010இலும் பிறகு 2016இலும் பவளங்கள் வெளுத்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காம் வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நம் தீவுகளும் தப்பவில்லை. முன்பு ஊஞ்சல் ஆடிய கடல் வேறு. இன்று அது ஆடும் கடலே மெல்ல மெல்லச் சூடேறி வருகிறது. அதனால் சாதாரண எல் நினோவும் பவளத்தின் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

போர்ட்டிக்சனிலும் பவளம் உண்டு என்றால் பலர் நம்பமாட்டார்கள். தஞ்சோங் துவான் பாறைகளின் அடியில், கலங்கிய நீரில், அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கலங்கல் வெயிலை ஓரளவு தடுப்பதால் சூட்டுக்காலத்தில் அது குடையாகவும் உதவும் என்று கலங்கல்நீர்ப் பவளங்களை ஆராய்வோர் கருதுகிறார்கள். ஆனால் அதே சேறு அளவு மீறினால் பவளத்தைப் புதைத்துவிடும்.

சேறு எங்கிருந்து வருகிறது? நம் நிலத்திலிருந்துதான். லா நினா ஆண்டுகளில் மழை மிகும்போது லிங்கி ஆறு காப்பி நிறத்தில் கடலில் கலக்கும். மழைநீர் இலேசானது, உப்புநீரின்மேல் போர்வைபோல் பரவும். கரையோர நீரின் உப்பும் ஒளியும் சத்தும் எல்லாம் மாறும். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. மேகம் திருப்பித் தராவிட்டால் நெடுங்கடலும் தன் இயல்பில் குறைந்துபோகும் என்று அதில் வள்ளுவர் சொல்கிறார். கடலுக்கு மழை எதற்கு என்று பள்ளியில் நமக்குத் தோன்றியிருக்கும். கண்டத்திட்டைப் படித்தவர்களுக்கு அந்தக் குறள் பாடநூல் வரிபோலத் தெரியும்.

2021 டிசம்பரில், லா நினா நிலவியபோது, சிலாங்கூரும் நெகிரி செம்பிலானும் பகாங்கும் வெள்ளத்தில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் என்ற புயல் உருவாகி வடசுமத்ராவில் பெருந்துயரை விளைவித்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு குறுகிய நீரிணையில் புயல் உருவாவது மிக மிக அரிது. நம் திண்ணையில் இனி என்னென்ன நடக்கும் என்பதை நாம் வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நம்மைக் கப்பலேற்றிய கடல்

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அது தாது வருடம். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் தமிழ்நாட்டில் பேசப்படும் பெருங்கொடுமை அது. 1877-78இல் மிகக் கடுமையான எல் நினோவும், இந்தியப் பெருங்கடலில் நேர்நிலை இருமுனையும் சேர்ந்து வந்தன. இந்தியா மட்டுமன்று, சீனாவும் பிரேசிலும் வறண்டன. இந்தியாவில் மடிந்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மழை பொய்த்ததற்குக் கடல் காரணம். தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருக்கும்போதே மக்கள் பட்டினியால் செத்ததற்கு ஆங்கிலேய ஆட்சி காரணம். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

அந்தப் பஞ்சமும் அதன்பின் வந்த பஞ்சங்களும் கிராமங்களைப் பெயர்த்தன. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மக்கள் கப்பலேறினார்கள். கங்காணியின் ஆசைவார்த்தை ஒருபுறம், கடன் ஒருபுறம், சாதிக் கொடுமை ஒருபுறம். அவற்றுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் சூடேறிய ஒரு கடல். பெருவின் கரையில் மீனவர்கள் குழந்தை இயேசு என்று பெயரிட்ட அந்த வெப்பநீருக்கும், நம் கொள்ளுப்பாட்டி நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பலுக்கும் தொடர்பு உண்டு என்றால் வியப்பாக இல்லையா? நாம் கடலுக்கு அந்நியர் அல்லர். கடலின் ஊசலாட்டம் கரையில் கொண்டுவந்து சேர்த்த மக்கள் நாம்.

புத்தகங்கள் எங்கே?

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் மொத்த மழையையும் மழை நாள்களையும் தனியாக ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார். யாரும் கேட்கவில்லை, அவருக்கு அது பிடித்திருந்தது. ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் இருக்கும்: 'புகை', 'கிணறு வற்றியது', 'பாலம் மூழ்கியது', 'இலை முன்னமே உதிர்ந்தது'. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் நான் அந்த நோட்டைப் பசிபிக், இந்தியப் பெருங்கடல் வெப்பநிலைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தேன். எல்லா ஆண்டும் பொருந்தவில்லை. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் எல் நினோவின் பிடி சபா, சரவாக்கில் உள்ள அளவு நேரடியானதன்று. சுமத்ராவின் மலைகளும் நீரிணையின் சொந்த இடிமழையும் கணக்கைக் கலைத்துவிடும். ஆனால் 1997இன் சுழிகள் பொருந்தின. காலை மழை கூடிய காலங்கள் தெரிந்தன. ஒற்றை மனிதரின் கையெழுத்துக்குள் இரண்டு பெருங்கடல்களின் நிழல் விழுந்திருந்தது.

தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறியபோது அலுவலகத்தைக் காலி செய்தார்கள். பல பத்தாண்டுகளின் மழைப் புத்தகங்கள், பெயர்ப் பதிவேடுகளோடும் சம்பளப் பட்டியல்களோடும் லாரியில் போயின. தடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. அவை நிறுவனத்தின் சொத்து. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல என்னா இருக்கு, மழைதானே" என்று மட்டும் சொன்னார். இப்போது எஞ்சியிருப்பது அந்த ஒரு பள்ளி நோட்டு.

இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டுமன்று. நெகிரி செம்பிலானில் மட்டும் எத்தனை தோட்டங்கள் துண்டாடப்பட்டன, எத்தனை கைமாறின! ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி நின்றது. பெரும்பாலும் அதைக் காலையில் கையில் எடுத்தவர் ஒரு தமிழரோ மலையாளியோதான். அரசாங்க வானிலை நிலையங்கள் பெரும்பாலும் பட்டணங்களிலும் விமான நிலையங்களிலும் இருந்த காலத்தில், இடையிலிருந்த நிலத்தின் மழையை அளந்தவை தோட்டங்கள். இன்று துணைக்கோள்கள் கடலின் மேற்பரப்புச் சூட்டை விண்ணிலிருந்து அளக்கின்றன. ஆனால் துணைக்கோளால் 1930ஆம் ஆண்டுக்குத் திரும்பிப்போக முடியாது. கிராணியின் பேனா அங்கே போயிருக்கிறது. பழைய மழையைத் தெரிந்தால்தான் பழைய கடலை ஊகிக்கலாம். பழைய கடலைத் தெரிந்தால்தான் இன்று நடப்பதில் எவ்வளவு இயல்பான ஊஞ்சலாட்டம், எவ்வளவு நம் நெருப்பின் விளைவு என்று பிரித்துச் சொல்லலாம்.

மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் தோட்டத்தில், அல்லது தோட்டம் இருந்த இடத்தில், வயதான கிராணி ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். மழைப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அனுமதி பெற்றுப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். எண்ணைவிட அவையே சில வேளை அதிகம் பேசும். புத்தகம் இல்லையென்றால் நினைவையாவது எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டு கிணறு வற்றியது, எந்த ஆண்டு புகை வந்தது, எந்த மாதம் மீன்காரர் வெறுங்கூடையோடு வந்தார். நம் மொழிக் கழகத்தில் ஆண்டுதோறும் எத்தனையோ போட்டிகள் நடத்துகிறோம். ஒரே ஓர் ஆண்டு இதையும் ஒரு பணியாக எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நம் பிள்ளைகள் மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று போகிறார்கள்; மகிழ்ச்சி. கடலைப் படிக்கவும் சிலர் வாருங்கள். இதற்காக வெளிநாடு போகவேண்டும் என்பதில்லை. புத்ரா பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வு நிலையம் போர்ட்டிக்சன் தெலுக் கெமாங்கிலேயே இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து கூப்பிடு தூரம்.

அப்பா சொன்னது உண்மைதான்: அந்தப் புத்தகங்களில் இருந்தது மழைதான். ஆனால் அந்த மழை கடலிலிருந்து வந்தது. கடலுக்கே திரும்பிப் போனது. போகும் வழியில் நம் கூலியையும் நம் மூச்சையும் தொட்டுவிட்டுப் போனது. அதை அளந்தவர்கள் நம்மவர்கள். அந்தக் கணக்கை இழக்காமல் காப்பதும் நம் வேலைதான்.